ஹோம் தியேட்டரில் வசனம் மட்டும் கேட்கவில்லையா?

பாட்டு அதிருது, பேச்சு மட்டும் முணுமுணுன்னு கேட்குது என்றால் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு உடனே ரிப்பேர் கடைக்கு ஓடாதீர்கள். 5.1 ஒலியில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும், அதனால் ரிசீவர் (ஸ்பீக்கர் வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டி) மெனுவில் டெஸ்ட் டோன் என்ற சோதனை ஒலியைப் போட்டு நடு ஸ்பீக்கர் ஒலிக்கிறதா பாருங்கள். ஒலித்தால் சென்டர் லெவலை, அதாவது நடு ஸ்பீக்கரின் சத்த அளவை, 2, 3 டெசிபல் ஏற்றினாலே போதும். ஒலிக்கவில்லையா, பவரை அணைத்துவிட்டு நடு ஸ்பீக்கர் வயரை ரிசீவரில் இடது ஸ்பீக்கர் செருகும் இடத்தில் மாற்றிப் போடுங்கள். இப்போது சத்தம் வந்தால் ஸ்பீக்கரும் வயரும் நல்லாத்தான் இருக்கின்றன, கோளாறு ரிசீவர் பக்கம்.

அப்புறம், இடமில்லை என்று நடு ஸ்பீக்கரையே கழற்றி வைத்திருப்பவர்கள் மெனுவில் சென்டரை ‘None’ (இல்லை) என்று மாற்றுங்கள், வசனம் இடது வலது ஸ்பீக்கர்களுக்கு வந்துவிடும்.