டூப்ளிகேட் சாவி வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவி வெட்டும் மெஷினில் இரண்டு பிடிகள் இருக்கும். ஒன்றில் உங்கள் சாவி, மற்றதில் பிளாங்க், அதாவது இன்னும் பள்ளம் வெட்டாத வெற்றுச் சாவி. உங்கள் சாவியின் மேடு பள்ளங்களில் ஒரு முனை ஊர்ந்து போகும். அதே ஏற்ற இறக்கத்தில் பக்கத்துச் சக்கரம் பிளாங்க்கை அரியும். ஆகவே கொடுத்த சாவி தேய்ந்திருந்தால் புதிய சாவியும் தேய்ந்ததாகவே பிறக்கும். டூப்ளிகேட்டைக் கொடுத்து இன்னொரு டூப்ளிகேட் எடுப்பதுதான் இதில் மிகப் பெரிய தவறு.

சிலிண்டர் பூட்டுக்குள் வரிசையாகச் சிறு பின்கள் இருக்கின்றன. சாவியின் ஒவ்வொரு பள்ளமும் ஒரு பின்னைச் சரியான உயரத்தில் நிறுத்தினால்தான் சாவி நுழையும் உருளை சுழலும். ஒரு பள்ள அளவுக்கும் அடுத்த அளவுக்கும் பல பூட்டுகளில் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பழைய சாவியின் தேய்மானத்தோடு மெஷினின் சிறு பிசகும் சேரும். அதை வைத்து மறுபடி வெட்டினால் அந்தப் பிழையும் கூடும். மூன்றாம் தலைமுறைச் சாவி ஆட்டி ஆட்டித் திறக்கும்படி ஆவது இதனால்தான். பூட்டு வாங்கியபோது வந்த சாவிகளில் ஒன்றைப் புழக்கத்தில் விடாமல் பீரோவில் வையுங்கள். எப்போது வெட்டினாலும் அதையே கொடுங்கள். தேய்ந்தது ஒன்றுதான் மிச்சம் என்றால் பூட்டையும் கழற்றிக் கொண்டுபோங்கள். விவரம் தெரிந்தவர் பின்களின் அளவைப் பார்த்துப் புதிதாகவே வெட்டித் தருவார்.

அடுத்தது பிளாங்க். சாவியின் பக்கவாட்டில் நீளவாக்கில் ஓடும் காடிகள் பூட்டுக்குப் பூட்டு மாறும். 'கிட்டத்தட்ட இதேதான்' என்று எடுத்த பிளாங்க்கை அரத்தால் ராவிப் பொருத்தினால் உள்ளே போகும், ஆனால் ஆடும். வெட்டுவதற்கு முன்பே சாவியையும் பிளாங்க்கையும் நுனியோடு நுனி வைத்துக் காடி, தடிமன், நீளம் மூன்றையும் பாருங்கள். நீளம் குறைந்தால் கடைசிப் பின் எழும்பாது. பித்தளைச் சாவி நல்லது. அலுமினியம் விலை குறைவு, ஆனால் வளையும். ஒருநாள் முறிந்து பாதி பூட்டுக்குள் நின்றுவிடும்.

பிடியில் வைக்கும்போது இரு சாவிகளின் தோள்பட்டையும் (கைப்பிடிக்குக் கீழே துருத்தி நிற்கும் விளிம்பு) ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தோள் இல்லாத சாவி என்றால் நுனியைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். அரை மி.மீ. தள்ளி வைத்தாலும் பள்ளங்கள் எல்லாமே இடம் மாறும். ஆழம் சரியாக இருந்தும் சாவி திறக்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். வெட்டிய பிறகு ஓரப் பிசிறை கம்பி பிரஷ்ஷில் எடுக்கச் சொல்லுங்கள். பிசிறு உள்ளே உதிர்ந்தால் பின் மாட்டிக்கொள்ளும். ஆனால் பிரஷ்ஷில் வெகுநேரம் பிடித்தால் மேடுகள் மழுங்கிவிடும்.

பீரோ, பழைய திண்டுக்கல் பூட்டு போன்ற, பின்களுக்குப் பதில் தகடுகளைச் சாவி தூக்கும் நெம்புகோல் பூட்டுகளின் கதை வேறு. அவற்றின் சாவியைப் பெரும்பாலும் கையால் அரம் போட்டுத்தான் செய்வார்கள். சாவியை மட்டும் தராமல் பூட்டையும் தந்தால், போட்டுப் பார்த்துப் பார்த்து ராவ முடியும்.

புதிய சாவியைக் கதவு திறந்திருக்கும்போது சோதியுங்கள். மூடிய கதவில் சோதித்துச் சாவி சிக்கினால் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் பத்துப் பத்து முறை திருப்புங்கள். திறந்த கதவில் சுலபமாகவும் மூடிய கதவில் இறுக்கமாகவும் சுற்றினால் கோளாறு சாவியில் இல்லை. கதவு நிலையில் தாழ் நுழையும் துளை இடம் தப்பியிருக்கிறது. சாவியே சிக்கினால் பலம் கொடுக்காதீர்கள், வீட்டில் அரமும் போடாதீர்கள். பழைய சாவியோடு கடைக்கே கொண்டுபோங்கள். தேங்காய் எண்ணெய் விடுவதை அடியோடு நிறுத்த வேண்டும்: அது தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். சிலிண்டருக்கு கிராஃபைட் தூள் போதும்.

கார்ச் சாவியில் சிப் இருந்தால் வெட்டுவது பாதி வேலைதான். கதவு திறக்கும், இன்ஜின் கிளம்பாது. சிப்பையும் வண்டியில் பதிய வேண்டும். இருக்கும் இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்ததுமே புதியதை வெட்டிப் பதிந்துவிடுங்கள். இரண்டும் போன பிறகு வேலையும் செலவும் பல மடங்கு.

சாவியைக் கொடுத்துவிட்டு 'சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்' என்று போகாதீர்கள். சில நிமிட வேலைதான், கூடவே நில்லுங்கள். தவறாக வெட்டிய பிளாங்க் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். சாவிக்கொத்தில் பெயர், கதவு எண் வேண்டாம். சாவியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் சாவியையே கொடுப்பதுபோலத்தான். தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் கொண்டே பள்ளங்களின் அளவைக் கணிக்க முடியும் என்று சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே காட்டிவிட்டார்கள்.

சாவி தொலைந்துபோய், யார் கையில் இருக்கிறதென்று தெரியாவிட்டால் டூப்ளிகேட் போடுவதில் பயனில்லை, சிலிண்டரை மாற்றுங்கள். வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போதும் உரிமையாளரிடம் சொல்லிவிட்டு இதையே செய்யலாம். கதவின் ஓரத்தில் சிலிண்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் தனித்தனியாக அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மொத்தம் 60 மி.மீ. என்று மட்டும் சொன்னால் 30-30 அளவுக்குப் பதில் வேறு அளவு கைக்கு வந்துவிடும்.