பழைய கார் இன்ஜினில் தீப்பொறிக் கோளாறு: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்), கண்டென்சர் (அந்த முனைகள் கருகாமல் காக்கும் சிறு மின்தேக்கி) பொருத்திய பழைய கார் ஸ்டார்ட் ஆகாதபோது, பலர் எதையும் சோதிக்காமல் சிலிண்டருக்குள் பொறி எழுப்பும் பிளக்கையும், 12 வோல்ட்டை உயர் மின்னழுத்தமாக மாற்றும் காயிலையும் மாற்றிவிடுகிறார்கள். கோளாறு பேட்டரியிலிருந்து காயில் வழியாகப் பாயிண்ட் வரை செல்லும் 12 வோல்ட் பகுதியிலா, காயிலிலிருந்து பிளக் வரை செல்லும் உயர் மின்னழுத்தப் பகுதியிலா என்று முதலில் பிரித்தறிந்துவிட்டால், தேடும் வேலை பாதியாகக் குறையும்.

பேட்டரியில் போதிய மின்சாரம் இருப்பதையும் கியர் நியூட்ரலில் இருப்பதையும் உறுதிசெய்துகொண்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில், நடுவே செருகியிருக்கும் தடித்த ஒயரைக் கழற்றுங்கள். காப்பிட்ட இடுக்கியால் அதைப் பிடித்து, அதன் உலோக முனையை இன்ஜினின் உலோகப் பகுதியிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். அருகில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையைத் தொடவே கூடாது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் விலகி நிற்க வேண்டும்.

நீல நிறத்தில் பளிச்சென்று பொறி தாவினால் 12 வோல்ட் பகுதியும் காயிலும் நன்றாக இருக்கின்றன என்று கொள்ளலாம். அப்போது மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கருங்கோடுகள், நடுவிலுள்ள கார்பன் முனையின் தேய்மானம், ஈரம், மூடிக்குள் சுழலும் ரோட்டாரில் விரிசல் ஆகியவற்றைப் பாருங்கள். ரோட்டாரின் காப்பு உள்ளுக்குள் பழுதடைந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் போகலாம் என்பதால், நல்ல ரோட்டார் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே சுருக்கமான வழி.

பொறி வரவில்லையென்றால் டெஸ்ட் லேம்ப்பை எடுங்கள். அதன் கிளிப்பை இன்ஜின் உலோகத்தில் மாட்டி, சாவியைத் திருப்பியபின், சாவியிலிருந்து காயிலுக்கு மின்சாரம் வரும் முனையைத் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் சாவி, ஃபியூஸ், ஒயர் இணைப்பு ஆகியவற்றில்தான் தடை. எரிந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மறுமுனையைத் தொட்டு இன்ஜினைச் சுழற்றுங்கள். இந்த ஒரு சோதனை சொல்லும் அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது. விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் திறந்து மூடுகிறது. அணையாமல் எரிந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதன் முகத்தில் எண்ணெயோ கருகலோ படிந்து மின்சாரத்தைத் தடுக்கிறது. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அதற்குச் செல்லும் ஒயரோ கண்டென்சரோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது காயிலுக்குள் 12 வோல்ட் செல்லும் கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தும் பொறி மஞ்சளாக, மெலிந்து வந்தால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்; பாயிண்ட் முகம் சீக்கிரமே கருகுவதும் அதன் அடையாளமே. இன்ஜின் சூடானபின் நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் காயிலையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது சாவியைப் போட்டபடியே நீண்டநேரம் விட்டுவிட்டால் நல்ல காயிலும் சூடேறிக் கெட்டுவிடக்கூடும்.

பாயிண்ட்டைச் சுத்தம் செய்தபின், அது முழுவதும் திறந்த நிலையில் பீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து இடைவெளியை அமையுங்கள். பல நான்கு சிலிண்டர் கார்களுக்கு அது 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி எழும் நேரமும்) நகரும் என்பதால், அதை அடுத்துச் சரிபாருங்கள்.