மகனை இழந்த அப்பாவை வைத்து ஒரு த்ரில்லர் நாவல்: முதல் முறை எழுதுபவர்களுக்கு

ஓர் அப்பா, ஆற்றில் மூழ்கி இறந்த மகன், அது விபத்துதானா என்ற சந்தேகம். இதை நாவலாக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. பாத்திரப் படைப்பு, உரையாடல் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. நேராக வேலைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு தினசரி காலண்டர் வாங்குங்கள். கணினியில் கால வரிசை போடும் செயலிகள் எனக்குச் சரிப்படவில்லை. தாளைக் கையால் புரட்டும்போதுதான் நாட்களின் கனம் தெரிகிறது. மகன் இறந்த தேதியிலிருந்து ஒவ்வொரு தாளிலும் அன்று யாருக்கு என்ன தெரியும் என்று எழுதுங்கள். பதினாறாம் நாள் காரியம் எந்தத் தாளில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உறவினர்கள் ஊர் திரும்பி, வீடு வெறிச்சோடும் அந்த மறுநாளில்தான் அப்பா தேடக் கிளம்ப வேண்டும்.

அடுத்து, சந்தேகத்துக்கு உறுதியான பிடி ஒன்று வேண்டும். நான் எடுத்துக்கொண்டது டயாட்டம் பரிசோதனை. உயிரோடு மூழ்கியவர் மூச்சில் இழுக்கும் தண்ணீரோடு நுண்பாசிகள் ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். அங்கே இருப்பவை அந்த ஆற்றுப் பாசிகளோடு ஒத்துப்போகவில்லை என்றால், உடல் கிடைத்த இடமே கேள்விக்குள்ளாகிறது.

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். என் அப்பா பாத்திரம் அத்தியாயத்துக்கு ஒரு முறை அழுதது. அழும்போது கதை நின்றது. கதை ஓடும்போது துக்கம் காணாமல் போனது. ஒரு வருடம் எழுதவே இல்லை.

வழி என் வீட்டிலேயே இருந்தது. தம்பி இறந்த பிறகு அப்பா எங்கள் முன்னால் அழுததில்லை. ஆனால் அவன் செருப்பை வாசலில் சாரல் படாத பக்கம் நகர்த்தி வைப்பார். மாதம் தவறாமல் கடைக்குப் போய் அவனுடைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வார். "பையனுக்கா ஐயா?" "ஆமாம், பையனுக்கு."

அதன் பிறகு ஒவ்வொரு துப்பையும் அப்பா செய்யும் இப்படியொரு காரியத்துக்குள் வைத்தேன். மகனின் சட்டையைத் துவைக்க அவர் விடமாட்டார், வாசனை போய்விடும் என்று. அதன் பையில் ஒரு பஸ் டிக்கெட் இருக்கிறது, அவன் போயிருக்கவே முடியாத ஊருக்கு. அம்மா ஒருநாள் அந்தச் சட்டையை வாளியில் போடுகிறாள். வாசனையும் போகிறது, டிக்கெட்டும் கரைகிறது. யாரிடம் கோபப்படுவார் அவர்? அவளும் மகனைப் பறிகொடுத்தவள்தானே. அந்த அத்தியாயத்தை இரண்டு நாளில் எழுதி முடித்தேன்.

அம்மாவுக்கும் தங்கைக்கும் தனித்தனி ரகசியம் கொடுங்கள். ஆளுக்கு ஒன்று போதும்.

பிற்சேர்க்கை 1: சட்டப் பிரிவைத் தவறாக எழுதியிருந்ததை வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். சந்தேக மரணத்தைப் போலீஸ் விசாரிக்கப் பயன்பட்ட பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு இப்போது கிடையாது. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆவது பிரிவு. உங்கள் கதை நடக்கும் வருடத்தைப் பார்த்து எழுதுங்கள்.

பிற்சேர்க்கை 2: "அப்பா ரீசார்ஜை நிறுத்திவிட்டால்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பயன்பாடில்லாத எண்ணை நிறுவனம் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். என் இரண்டாம் பாகத்தின் முதல் காட்சி அதுதான்: அப்பா பழக்கத்தில் அந்த எண்ணை அழைக்கிறார், மறுமுனையில் ஓர் இளைஞன், "ஹலோ, யார் பேசுவது?" என்கிறான்.