ஐரிஷ் மொழியில் ஆளையும் பொருளையும் விளிப்பது எப்படி?

தமிழில் ஒருவரைக் கூப்பிடும்போது பெரும்பாலும் பெயரின் கடைசிதான் மாறுகிறது. தங்கச்சிமடத்துக் கரையில் நின்று வல்லத்தில் இருப்பவரை அழைப்பவர் அந்தோணியை 'அந்தோணீ' என்று நீட்டுகிறார். முருகன் 'முருகா' ஆகிறான். கீழக்கரையில் அண்ணனைக் குறிக்கும் 'காக்கா' ஏற்கெனவே நெடிலில் முடிவதால் அப்படியே நிற்கிறது. நன்னூல் இதை எட்டாம் வேற்றுமை என்கிறது. ஐரிஷ் மொழிக்கும் விளி வேற்றுமை உண்டு. ஆனால் அங்கே முதலில் மாறுவது சொல்லின் தலை.

பெயருக்கு முன் 'அ' என்னும் இடைச்சொல்லைத் தனியாக எழுதி, அழுத்தமின்றி ஒலியுங்கள். பிறகு பெயரின் முதல் மெய்யை இளக்குங்கள். எழுத்தில் அம்மெய்யின் பின் ஓர் 'எச்' சேரும். மாரெ என்பவரை 'அ வாரெ' என்றும், பாட்ரிக் என்பவரை 'அ ஃபாட்ரிக்' என்றும் அழைக்க வேண்டும். நண்பரைக் குறிக்கும் 'கர' என்பது 'அ ஹர' ஆகும். முறையான கடிதங்கள் இச்சொல்லோடுதான் தொடங்குகின்றன. 'மகன்' என்பதன் நடுவே ககரம் இளகுவதைக் கவனித்தவருக்கு இவ்வொலி எளிதில் வரும்.

ஆண்பால் பெயர்கள் பலவற்றில் வாலும் மாறும் என்பதே சற்றுக் கடினமான பகுதி. ஐரிஷ் மெய்கள் தடித்தவை, மெலிந்தவை (நாக்கை அண்ணத்தை நோக்கி உயர்த்தி இகரச் சாயலோடு ஒலிப்பவை) என இருவகைப்படும்; தடித்த மெய்யில் முடியும் ஆண்பெயர் விளியில் மெலிந்துவிடும். ஷேமஸ் 'அ ஹேமஷ்' ஆவதைப் பாருங்கள்: தலையில் ஷகரம் ஹகரமாகிறது, கடையில் ஸகரம் ஷகரமாகிறது. உறவு மொழியான ஸ்காட்லாந்து கேலிக்கில் இதே விளி வடிவம் ஹேமிஷ் என்று தனிப்பெயராகவே நிலைத்துவிட்டது. பெண்பால் பெயர்களுக்கு இந்த வால் மாற்றம் இல்லை.

பொருள்களுக்கும் இதே விதிதான். கடலைக் குறிக்கும் 'ஃபாரகெ' விளியில் 'ஆரகெ' என்றே கேட்கும். 'எஃப்' எழுத்தோடு 'எச்' சேர்ந்தால் ஒலியே மறைந்துவிடும், உயிரொலிக்கு முன் வரும் 'அ'வும் காதில் விழாது. ஆயினும் எழுதும்போது அதை விட்டுவிடக் கூடாது. புதிதாகக் கற்பவர்கள் வழுக்குவது இங்கேதான். உயிரில் தொடங்கும் ஊனா என்னும் பெயரின் முன்னும் 'அ' காதில் விழாது, ஆனால் எழுத வேண்டும்.

'எஸ்' எழுத்தை அடுத்து டி, பி, சி, எம் வந்தால் முதலெழுத்து மாறாது. ஆகவே செல்லமாக அழைக்கும் 'அ ஸ்டோர்' இளகாமல் நிற்கிறது. எல், என், ஆர் எழுத்துகளின் பின்னும் 'எச்' எழுதுவதில்லை.

நம் கரைக் கோயில்களில் 'அருள் நிறைந்த மரியே' என்று செபிக்கும் இடத்தில் ஐரிஷ்காரர் 'அ விர' என்கிறார். அன்னைக்கு மட்டும் 'மிர' என்ற தனி வடிவம். பிற பெண்களுக்கு மாரெ. இரண்டையும் மாற்றி அழைக்காதீர்கள். கூட்டத்தில் பலரை விளிக்க 'அ ஹார்ஜெ', அதாவது நண்பர்களே, என்று தொடங்கலாம்.