ஸ்பானிஷ் வினைச்சொல்லைத் திரிப்பது எப்படி: 'தொமார்' ஒன்றை வைத்து எல்லாக் காலங்களும்

ஸ்பானிஷ் வினைச்சொல் அட்டவணையைப் பார்த்து மிரளாதவர்கள் குறைவு. ஒரே சொல்லுக்கு ஐம்பதை ஒட்டி வடிவங்கள், அதிலும் பல, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். ஆனால் நமக்கு இது புது விஷயம் இல்லை. எடுத்தேன், எடுத்தாய், எடுத்தான் என்று விகுதியிலேயே ஆளைக் காட்டிப் பழகியவர்கள் நாம். பள்ளியில் பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரித்து எழுதியதும் இதே வேலைதான். அதனால் அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லப் போவதில்லை. ஒழுங்கான ஒரே ஒரு வினைச்சொல்லைக் கழற்றி மாட்டி எல்லாக் காலங்களுக்கும் கொண்டுபோகும் வழியை மட்டும் எழுதுகிறேன். ஸ்பானிஷ் எழுத்துகள் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் சொல் தொமார். 'எடுப்பது' என்று பொருள், 'குடிப்பது' என்றும் வரும். பாடப்புத்தகங்கள் வழக்கமாக அப்லார் (பேசுவது) என்பதைத்தான் மாதிரியாகத் தரும். எனக்குத் தொமார்தான் பிடிக்கும், ஏனென்றால் அது தமிழ் எழுத்தில் பிசிறில்லாமல் உட்காருகிறது.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு

இந்தப் பதிவு முழுக்க, அழுத்தம் விழுகிற அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். ஸ்பானிஷில் குறில், நெடில் என்ற பிரிவே கிடையாது, நெடில் இங்கே வெறும் அடையாளம். அந்த இடத்தில் குரலை அழுத்துங்கள், இழுக்க வேண்டாம். எ, ஒ இரண்டுக்கும் குறில் தனி, நெடில் தனி என்று எழுத்து வைத்திருப்பதால் தமிழ் இந்த வேலைக்கு ரொம்பவே வசதி. முதல் சில வாரங்களுக்கு உங்கள் நோட்டிலும் இப்படியே எழுதிப் பாருங்கள், காது சீக்கிரம் பழகிவிடும்.

படி 1: கழற்றுவது

ஸ்பானிஷ் வினைச்சொற்கள் எல்லாமே அகராதியில் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில்தான் முடியும். தொமார், கொமேர் (சாப்பிடுவது), உனீர் (இணைப்பது). இந்த வாலை வெட்டினால் தொம், கொம், உன் என்று பகுதி நிற்கும். புதிதாக மொழிக்குள் வரும் வினைகள் பெரும்பாலும் ஆர் கூட்டத்தில்தான் சேரும், அதனால் முதலில் அதில் கை வையுங்கள்.

படி 2: நிகழ்காலம்

யோ (நான்) தோமொ
தூ (நீ) தோமஸ்
எல், ஏய்ய, உஸ்தேத் (அவன், அவள், மரியாதைக்குரிய நீங்கள்) தோம
நொஸோத்ரொஸ் (நாம், நாங்கள்) தொமாமொஸ்
பொஸோத்ரொஸ் (நீங்கள் எல்லாரும்) தொமாய்ஸ்
ஏய்யொஸ், உஸ்தேதெஸ் (அவர்கள், நீங்கள் பலர்) தோமன்

உஸ்தேத் என்றால் 'நீங்கள்' என்ற மரியாதை, ஆனால் வினை மட்டும் 'அவர்' என்பதற்கான விகுதியோடு வரும். பொஸோத்ரொஸ் ஸ்பெயினில்தான் புழங்குகிறது. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்துக்கும் உஸ்தேதெஸ்தான். நீங்கள் மெக்சிகோக்காரர்களோடு மட்டும் பேசப் போகிறீர்கள் என்றால் அந்த வரிசையைப் படிக்கத் தெரிந்தால் போதும், பயிற்சி செய்ய வேண்டாம்.

கொமேர், உனீர் இரண்டுக்கும் 'அ' இருந்த இடத்தில் 'எ' வரும்: கோமெஸ், கோமெ, கோமென், ஊனெஸ், ஊனெ, ஊனென். 'நாம்' வரிசையில் கொமேமொஸ், உனீமொஸ் என்றும், பொஸோத்ரொஸ் வரிசையில் கொமேய்ஸ், உனீஸ் என்றும் தங்கள் சொந்த உயிரைக் காட்டிவிடும். 'நான்' எல்லாவற்றுக்கும் ஒன்றே: தோமொ, கோமொ, ஊனொ.

யோ, தூ எல்லாம் பெரும்பாலும் சொல்லவே தேவையில்லை. 'எடுக்கிறேன்' என்றாலே நான் என்று தெரிவது மாதிரி தோமொ என்றாலே போதும். ஒவ்வொரு வாக்கியத்தையும் யோவில் தொடங்கினால் 'மற்றவர் இல்லை, நான்' என்று அடித்துச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

படி 3: அழுத்தம். இங்கே நிதானமாக இருங்கள்

என்னை அதிக நாள் நிறுத்தி வைத்த இடம் இதுதான், பெரும்பாலான பாடங்கள் ஒரே வரியில் தாண்டிப் போகும் இடமும் இதுதான். கீழே உள்ளவற்றைச் சத்தமாகப் படியுங்கள்.

தோமொ: எடுக்கிறேன். தொமோ: அவன் எடுத்தான்.
தோமெ: எடுங்கள், அல்லது 'அவன் எடுக்கட்டும்' என்ற வகை. தொமே: எடுத்தேன்.
தொமார: அவன் எடுத்தால் என்கிற கற்பனை. தொமரா: அவன் எடுப்பான்.

எழுத்து அதே எழுத்து. அழுத்தம் இடம் மாறினால் ஆள் மாறுகிறது, காலம் மாறுகிறது, நடந்ததா நடக்குமா என்பதே மாறுகிறது. ஆகவே ஸ்பானிஷ் விகுதியைப் படிக்கும்போது எழுத்தோடு சேர்த்து அழுத்தத்தையும் விகுதியின் பாகமாகவே படிக்க வேண்டும். அச்சில் இதைக் காட்டுவதுதான் உயிரெழுத்தின் மேல் வரும் அந்தச் சாய்கோடு.

சாய்கோட்டுக்கும் தெளிவான விதி உண்டு. சொல் உயிரிலோ, லத்தீன் எழுத்தில் என் அல்லது எஸ்ஸிலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். இந்த இரண்டையும் மீறும்போது கோடு போட்டுக் காட்டுவார்கள். தோமொ, தோமன், தொமாமொஸ் விதிக்கு அடங்கியவை, கோடு இல்லை. தொமார் 'ர்' என்று முடிகிறது, கடைசியில் அழுத்தம், அதற்கும் கோடு இல்லை. தொமோ உயிரில் முடிந்தும் கடைசியில் அழுத்தம் வாங்குகிறது, கோடு வேண்டும். ஆகக் கோட்டை விட்டுவிட்டு எழுதுவது நாம் 'எடுத்தேன்' என்பதற்குப் பதில் வேறு விகுதி போடுவதற்குச் சமம். கைப்பேசியில் உயிரெழுத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட எழுத்து வரும். முதல் நாளிலிருந்தே அதைப் பயன்படுத்துங்கள், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளினால் அந்தப் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்.

படி 4: இரண்டு இறந்தகாலங்கள்

முடிந்துபோன செயலுக்கு: தொமே, தொமாஸ்தெ, தொமோ, தொமாமொஸ், தொமாஸ்தெய்ஸ், தொமாரொன்.
வழக்கமாக நடந்ததற்கும் பின்னணியில் நடந்துகொண்டிருந்ததற்கும்: தொமாப, தொமாபஸ், தொமாப, தொமாபமொஸ், தொமாபய்ஸ், தொமாபன்.

எதை எப்போது போடுவது என்று ஆளாளுக்குக் குழம்புவார்கள். தமிழில் யோசித்தால் பாதி தெளிந்துவிடும். 'அந்த வருடம் தினமும் நடந்தே போவேன், ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டேன்.' போவேன் என்பது எதிர்கால வடிவம், ஆனால் சொல்வது பழைய வழக்கத்தை. அந்தப் 'போவேன்' விழும் இடத்திலும், 'எடுத்துக்கொண்டிருந்தேன்' விழும் இடத்திலும் தொமாப. 'மாட்டிக்கொண்டேன்' விழும் இடத்தில் தொமே. எல்லா வாக்கியத்துக்கும் இந்தச் சோதனை பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

தொமாப என்பது 'நான்', 'அவன்' இரண்டுக்கும் ஒன்றே. இங்கே மட்டும் யோ, எல் என்று சேர்த்துச் சொன்னால் கேட்பவர் பிழைப்பார். அதேபோலத் தொமாமொஸ் நிகழ்காலமும் அதுவே, இறந்தகாலமும் அதுவே. 'நேற்று', 'இப்போது' என்ற சொற்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கொமேரில் இந்தச் சிக்கல் இல்லை: கொமேமொஸ் சாப்பிடுகிறோம், கொமீமொஸ் சாப்பிட்டோம்.

ஏர், ஈர் இரண்டும் இறந்தகாலத்தில் ஒரே அச்சு. கொமீ, கொமீஸ்தெ, கொமியோ, கொமீமொஸ், கொமீஸ்தெய்ஸ், கொமியேரொன். வழக்கத்துக்குக் கொமீய, கொமீயஸ், கொமீய, கொமீயமொஸ், கொமீயய்ஸ், கொமீயன். ஒரு நல்ல செய்தி: இந்த வழக்க இறந்தகாலத்தில் மொழி முழுவதற்கும் ஒழுங்கு தவறும் வினைகள் மூன்றே மூன்று: செர், ஈர், பேர் (இருப்பது, போவது, பார்ப்பது).

படி 5: எதிர்காலம், 'எடுப்பேனே' வகை

இங்கே வாலை வெட்ட வேண்டாம். முழுச்சொல்லோடு ஒட்டுங்கள்: தொமரே, தொமராஸ், தொமரா, தொமரேமொஸ், தொமரேய்ஸ், தொமரான். மூன்று கூட்டத்துக்கும் இதே விகுதிகள்: கொமெரே, உனிரே. முழுச்சொல்லோடு ஈய ஒட்டினால் 'எடுப்பேன், ஆனால்...' என்கிற நிபந்தனை வடிவம்: தொமரீய, தொமரீயஸ் என்று போகும். அவ்வளவுதான், இதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை.

படி 6: சுப்ஹுந்தீபொ

பெயரைக் கேட்டே பயப்படுவார்கள். உண்மையில் செய்ய வேண்டியது உயிரை இடம் மாற்றுவது மட்டும். ஆர் வினைக்கு 'எ', ஏர், ஈர் வினைகளுக்கு 'அ'. தோமெ, தோமெஸ், தோமெ, தொமேமொஸ், தொமேய்ஸ், தோமென். அந்தப் பக்கம் கோம, கோமஸ், கோம, கொமாமொஸ், கொமாய்ஸ், கோமன். ஒன்று மற்றொன்றின் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல் இருக்கும்.

எப்போது? நடந்ததாகவோ நடப்பதாகவோ சொல்லாமல், நடக்க வேண்டும், நடக்கட்டும், நடக்குமோ என்று சொல்லும்போது. கியேரொ கெ தோமெஸ்: நீ எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒஹலா கெ கோமன்: அவர்கள் சாப்பிட்டால் நன்றாயிருக்கும். இந்த ஒஹலா அரபியிலிருந்து வந்த சொல். அதன் பின்னால் எப்போதும் இந்த வடிவம்தான்.

கற்பனை வடிவத்துக்கு ஒரு குறுக்கு வழி. இறந்தகால 'அவர்கள்' வடிவத்தை எடுங்கள், தொமாரொன். கடைசி ரொன்னை எடுத்துவிட்டு ர, ரஸ், ர, ரமொஸ், ரய்ஸ், ரன் போடுங்கள்: தொமார, தொமாரஸ், தொமார, தொமாரமொஸ், தொமாரய்ஸ், தொமாரன். ஒழுங்கற்ற வினைகளுக்கும் இது விதிவிலக்கே இல்லாமல் வேலை செய்யும், அதனால் தொமாரொன் வரிசையை நன்றாகப் படித்து வைத்தால் பின்னால் பெரிய லாபம். நம் 'ஆல்' விகுதியின் வேலையைச் செய்யும் சொல் 'சி'. சி தொமார... தொமரீய என்று ஜோடியாகவே பழகுங்கள்: எடுத்தால், எடுப்பேன். 'சி'க்குப் பின்னால் தோமெ மட்டும் ஒருபோதும் வராது, தோம வரும் அல்லது தொமார வரும். தொமாஸெ என்று இன்னொரு வடிவமும் புத்தகங்களில் பார்ப்பீர்கள்; பொருள் அதே, படித்தால் புரிந்தால் போதும்.

படி 7: ஏவல்

தோம: எடு. தோமெ: எடுங்கள். தோமென்: எல்லாரும் எடுங்கள். ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்துக்குத் தொமாத். 'எடுக்காதே' என்றால் நொ தோம அல்ல, நொ தோமெஸ். எதிர்மறை ஏவல் முழுக்க முந்தைய படியிலிருந்துதான் வருகிறது, ஆகவே படி 6 முடிக்காமல் இங்கே வராதீர்கள்.

படி 8: இரு சேர்ப்பது

எடுத்திருக்கிறேன், எடுத்திருந்தேன், எடுத்திருப்பேன் என்று நாம் 'இரு' சேர்ப்பதுபோல் ஸ்பானிஷில் அபேர் என்ற துணைவினை. தொமாதொ, கொமீதொ, உனீதொ என்பவை அசையாமல் நிற்கும், அபேர் மட்டும் திரியும்: எ தொமாதொ, அஸ் தொமாதொ, அ தொமாதொ, ஏமொஸ் தொமாதொ, அபேய்ஸ் தொமாதொ, அன் தொமாதொ. எடுத்திருந்தேன்: அபீய தொமாதொ. எடுத்திருந்தால்: சி உபியேர தொமாதொ. தொமாதொவில் முதல் த வல்லோசை, இரண்டாவது மெல்லோசை. தமிழில் படிப்பதுபோலவே படியுங்கள், சரியாக வரும்.

கருவிகள்

திரிபைச் சரிபார்க்க ஸ்பானிஷ் மொழிக்கான அரச அகாதமியின் இணைய அகராதி ஒன்று போதும். 1713இல் தொடங்கிய அமைப்பு. அகராதியில் ஒவ்வொரு வினைக்கும் முழு அட்டவணை இலவசமாக இருக்கிறது. நான்கு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடையாளம் காணத் தெரியும், வாயில் வராது. ஆங்கி என்ற செயலியின் நினைவு அட்டைகள் நல்லது, ஆனால் அட்டையில் தனிச்சொல் போடாமல் முழு வாக்கியம் போடுங்கள். படி 3க்கு மட்டும் கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள்.

பிறகு சேர்த்தவை

காலங்களின் பெயர் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம். தொமாபவை ஸ்பெயினில் 'பிரெத்தேரிதொ இம்பெர்ஃபேக்தொ' என்பார்கள், மெக்சிகோப் பாடங்களில் 'கொப்ரெத்தேரிதொ' என்றிருக்கும். இரண்டாவது, ஆந்த்ரேஸ் பெய்யோ 1847இல் வெளியிட்ட இலக்கணத்தின் வழி வந்த பெயர். வடிவம் ஒன்றே, பெயரை விட்டு விகுதியைப் பாருங்கள்.

புஸ்கார் (தேடுவது) ஒழுங்கான வினையா என்பது இன்னொரு கேள்வி. ஒழுங்கானதுதான். தேடினேன்: புஸ்கே. லத்தீன் எழுத்தில் ஸி போய் க்யூ, யு வருவதால் ஒழுங்கற்றதுபோல் தோன்றுகிறது. க ஒலியைக் காப்பாற்றத்தான் அந்த மாற்றம். தமிழில் எழுதினால் மாற்றமே தெரியாது.

அர்ஜென்டினா நண்பர் 'தோமஸ்' என்பதற்குப் பதில் 'தொமாஸ்' என்கிறாரே என்றவருக்கு: அங்கே தூ கிடையாது, போஸ். அதற்கு நிகழ்காலம் தொமாஸ், ஏவல் தொமா. மறுபடியும் அழுத்தம்தான்.

சோதித்துப் பாருங்கள், விடையை மூடிக்கொண்டு: (1) இணைத்துக்கொண்டிருந்தோம் (2) அவர்கள் சாப்பிடுவார்கள் (3) நீ இணைக்க வேண்டும் என்று விரும்புகிறேன் (4) சாப்பிட்டேன் (5) அவன் சாப்பிட்டால், கற்பனையாக.

விடைகள்: உனீயமொஸ், கொமெரான், கியேரொ கெ ஊனஸ், கொமீ, சி கொமியேர.