ஹோம்ல வளந்த பிள்ளைங்களுக்கும் அவங்க சொந்தக்காரங்களுக்கும் படிப்பு உதவி: யாருக்கு, எவ்வளவு, எப்படி

பன்னெண்டாவது பரீட்சை முடியுற நேரத்துல பதினெட்டு வயசும் ஆயிடுது, ஹோம (குழந்தைகள் இல்லத்த) விட்டு வெளிய வரணும், காலேஜ் ஃபீஸு, ஹாஸ்டல், சாப்பாடு இதெல்லாம் யாரு பாத்துக்குவான்னு கேட்டா பாதி பசங்க முழிக்கிறாங்க. உதவி இருக்குங்க. ஆனா அதுக்கு வயசு வரம்பு இருக்கு, வருமான வரம்பு இருக்கு, எல்லாத்துக்கும் மேல ஒரு பேப்பர் இருக்கு, உங்கள ஹோம்ல விடச் சொல்லி போட்ட ஆர்டர். தமிழ்நாட்டு நடைமுறைய வெச்சு ஒண்ணொண்ணா சொல்றேன்.

ஸ்டெப் 1: மொதல்ல அந்த ஆர்டர கைல வாங்குங்க

நீங்க இருந்த இல்லம் 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல பதிவானதா இருக்கணும், உங்கள அங்க விட்டது குழந்தைகள் நலக் குழுவா (சி.டபிள்யூ.சி.ன்னு சொல்வாங்க) இருக்கணும். ஆதிதிராவிடர் நல விடுதி, பி.சி. ஹாஸ்டல், டிரஸ்ட் நடத்துற சாதா போர்டிங் எதுவும் இதுல சேராது, அங்க பத்து வருஷம் இருந்திருந்தாலும் சேராது. பாக்க எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், வாசல் போர்டுல கூட "இல்லம்"னு போட்டிருக்கும், அத நம்பிப் போயிட்டு ஆபீஸ்ல நிக்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

அந்தக் குழு போட்ட ஆர்டருங்கிறது பெரிய ஃபைல் எல்லாம் கெடயாது. கேஸ் நம்பர், தேதி, உங்க பேரு, எந்த இல்லத்துல விடச் சொல்றாங்கன்னு கொஞ்சம் எழுத்து, கீழ கையெழுத்தும் சீலும், அவ்வளவுதான். சூப்பிரண்டெண்ட் ரூம் பீரோவுல தூங்கிட்டு இருக்கும், கேட்டு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோங்க. ஆர்டர்ல ஒரு இனிஷியல், ஆதார்ல வேற இனிஷியல், மார்க் ஷீட்ல இனிஷியலே இல்லன்னு இருந்தா ஹோம்ல இருக்கும்போதே மாத்திடுங்க, வெளிய வந்தப்புறம் இதுக்கு அலையுறது பெரிய கொடுமை.

ஸ்டெப் 2: வயச கணக்கு போடுங்க

ஹோம விட்டுப் போறவங்களுக்கான உதவிக்கு ஆஃப்டர்கேர்னு பேரு, சட்டத்துல 46வது பிரிவு. 18 முடிஞ்சதுல இருந்து 21 வரைக்கும். படிப்பு இன்னும் முடியலங்கிற மாதிரி விசேஷமான காரணம் இருந்தா 23 வரைக்கும் நீட்டிக்க வழி இருக்கு. மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யா விதிப்படி மாசம் 4,000 ரூபா, உங்க பேங்க் அக்கவுண்டுக்கே வரும். மூணு வருஷமும் விடாம வந்தா மொத்தம் 1,44,000. சென்னைல ஒரு ஹாஸ்டல் வாடகைக்கே இது பத்தாது, அதனால இத மட்டும் நம்பி காலேஜ் செலக்ட் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, சட்டத்துல "கொடுக்கலாம்"னுதான் இருக்கு, "கொடுத்தே ஆகணும்"னு இல்ல. தானா வரும்னு உக்காந்திருந்தா வராது, நாமதான் பின்னாடி போய் கேக்கணும். நீங்க வெளிய வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வெளிய போனப்புறம் என்ன படிப்பீங்க, எங்க தங்குவீங்கன்னு உங்க கேஸ் ஒர்க்கர் (உங்க கேஸ பாத்துக்குற ஊழியர்) ஒரு பிளான் எழுதி சி.டபிள்யூ.சி.க்கு கொடுக்கணும்னு விதியே இருக்கு. பதினேழர வயசு ஆகும்போதே கேஸ் ஒர்க்கர் அக்காகிட்டயோ சார்கிட்டயோ "என் பிளான் எழுதிட்டீங்களா"ன்னு கேளுங்க. கேக்குறதுல தப்பே இல்ல. ஏற்கனவே வெளிய வந்துட்டீங்க ஆனா இன்னும் 21 ஆகலன்னாலும் போய் மனு கொடுங்க.

ஸ்டெப் 3: பாட்டி வீட்ல, சித்தி வீட்ல இருக்குற பிள்ளைங்க

பதினெட்டுக்கு முன்னாடியே ஹோம்ல இருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இல்ல தம்பி தங்கச்சி பாட்டிகிட்டயே வளருதுன்னா, அதுக்கு ஆஃப்டர்கேர் கெடயாது, ஸ்பான்சர்ஷிப்னு வேற திட்டம். இதுவும் மாசம் 4,000, பதினெட்டு வயசு வரைக்கும். அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாம சொந்தக்காரங்க வீட்ல இருக்குற பிள்ளைங்க, அம்மா விதவை இல்லன்னா கைவிடப்பட்டவங்க, பெத்தவங்களுக்கு உயிருக்கு ஆபத்தான நோய், இந்த மாதிரி குடும்பங்களுக்கு.

வருமான வரம்பு கிராமத்துல வருஷத்துக்கு 72,000, மத்த எடத்துல 96,000. அதாவது கிராமத்துல மாசம் 6,000. கொத்தனார் வேலைக்குப் போற மாமா ஒருத்தர் இருந்தாலே அது தாண்டிடும், என்னக் கேட்டா இந்த வரம்பு ரொம்பக் கம்மி, ஆனா விதி அதுதான்.

நடுவுல நிக்கவும் வாய்ப்பிருக்கு. பிள்ள தொடர்ந்து 30 நாளுக்கு மேல ஸ்கூலுக்குப் போகலன்னா நிறுத்தலாம், ஹாஸ்டல்ல சேத்தாலும் நிறுத்துவாங்க. இத யாரும் முன்னாடியே சொல்றதில்ல, பாட்டி நல்லதுன்னு நெனச்சு ஹாஸ்டல்ல விட்டுடுவாங்க, அடுத்த மாசம் காசு வராது.

இது போக தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15ல ஆரம்பிச்ச அன்புக் கரங்கள் இருக்கு, பெத்தவங்கள இழந்து உறவினர் வீட்ல வளர்ற பிள்ளைங்களுக்கு 18 வயசு வரைக்கும் மாசம் 2,000. மனு போடும்போது ஏற்கனவே வேற உதவி வாங்குறத மறைக்காதீங்க.

ஹோம்ல வளந்தவங்களுக்கு கல்யாணமாகி குழந்தை இருக்கு, அந்தக் குழந்தைக்கு தனியா ஏதாவது உண்டான்னு கேப்பாங்க. அதுக்காகவே ஒரு திட்டம் கெடயாது, மேல சொன்ன நெலமைல குடும்பம் இருந்தா மட்டும் ஸ்பான்சர்ஷிப் கேக்கலாம்.

ஸ்டெப் 4: எங்க போகணும்

மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, ஒவ்வொரு மாவட்டத்துலயும் இருக்கு. எங்கன்னு தெரியலன்னா குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போட்டா சொல்லுவாங்க. ஆதார், பர்த் சர்டிபிகேட், மார்க் ஷீட், காலேஜ் போனஃபைட் (அங்க படிக்கிறீங்கன்னு காலேஜ் தர்ற சான்று), பேங்க் பாஸ்புக், போட்டோ, சி.டபிள்யூ.சி. ஆர்டர் எடுத்துட்டுப் போங்க. ஸ்பான்சர்ஷிப்னா ரேஷன் கார்டு, இறப்புச் சான்று, தாசில்தார் கொடுக்குற வருமானச் சான்றும் வேணும், வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துல அப்ளை பண்ணிக்கலாம்.

ஸ்டெப் 5: மத்ததையும் சேத்து வாங்குங்க

ஹோம் பிள்ளைங்க நெறைய பேரு பக்கத்து கவர்மெண்ட் ஸ்கூல்லதான் படிக்கிறாங்க. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அங்கயே படிச்சிருந்தா பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டம், காலேஜ் படிக்கும்போது மாசம் 1,000. வேற ஸ்காலர்ஷிப் வாங்குனாலும் இது தடையில்ல.

ஜாதிச் சான்றிதழே இல்லாத பிள்ளைங்க இத கவனிங்க. பத்து வயசுக்கு முன்னாடி பெத்தவங்கள இழந்து, பாத்துக்க வேற ஆளும் இல்லாம, அரசு நடத்துற இல்லன்னா அங்கீகரிச்ச இல்லத்துல சேந்தவங்க தமிழ்நாட்டு பி.சி. பட்டியல்லயே இருக்காங்க. தாசில்தார் ஆபீஸ்ல "அப்பா ஜாதி என்ன"ன்னு கேட்டு திருப்பி அனுப்புனா, பி.சி. பட்டியல்ல ஆதரவற்ற குழந்தைகள்னு இருக்குற எண்ட்ரிய காட்டுங்க. அந்த சான்று கெடச்சா அட்மிஷன்ல இடஒதுக்கீடு, பி.சி. ஸ்காலர்ஷிப் ரெண்டுக்கும் உதவும்.

மனு கொடுக்கும்போது வாயால சொல்லிட்டு வராதீங்க, காப்பில தேதியோட சீல் வாங்கிக்கோங்க. பதில் வரலன்னா அந்தக் காப்பிய எடுத்துட்டு திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல போய் கொடுங்க, அங்க ஒரு மனு நம்பர் தருவாங்க, அத வெச்சு ஃபாலோ பண்ணிக்கலாம்.