கக்குவான் இருமல்: ஊசி போட்டாச்சு, இனி பரவாது என்று நினைப்பவர்களுக்கு

நம் ஊரில் குழந்தைக்கு ஊசியே போடாமல் விடுபவர்கள் குறைவு. போட்டாகிவிட்டது, இனி வீட்டுக்குள் கக்குவான் வராது என்று அசட்டையாக இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இந்த ஊசியில் இரண்டு வகை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடும், ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் கக்குவானுக்காக இருப்பது கொல்லப்பட்ட முழுக் கிருமி. தனியாரில் காசு கொடுத்துப் போடும் ‘வலியில்லாத ஊசி’யில் கிருமியின் சில புரதங்கள் மட்டும். 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளுக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள். புரத ஊசி போட்டவை நோயில் படுக்கவில்லை. ஆனால் தொண்டையில் கிருமி வாரக்கணக்கில் தங்கி, ஊசி போடாத குரங்குக்கும் தொற்றியது. முழுக் கிருமி ஊசி போட்டவற்றில் கிருமி சீக்கிரம் ஒழிந்தது. குரங்குக்கு நடந்தது மனிதருக்கும் அச்சுப் பிசகாமல் நடக்கும் என்றில்லை. ஆனாலும் வலியில்லாத ஊசிதான் உசத்தி என்ற நினைப்பை இது கொஞ்சம் அசைக்கிறது.

எந்த வகையானாலும் சில வருடங்களில் பாதுகாப்பு தேயும். நோயே வந்து போனாலும் அப்படித்தான். ஆக, வாரக்கணக்கில் இருமும் தாத்தாவோ பள்ளிக்கூடம் போகும் அக்காவோ தொட்டில் குழந்தைக்குக் கிருமியைக் கொடுத்துவிடலாம்.

சரி, அப்படியானால் ஊசி எதற்கு என்று கேட்பது அடுத்த தவறு. ஜப்பானில் 1975இல், ஊசி போட்ட இரண்டு குழந்தைகளின் மரணத்துக்குப் பிறகு கக்குவான் ஊசியை நிறுத்தி வைத்தார்கள். 1979இல் சுமார் 13,000 பேருக்கு நோய் வந்து, 41 பேர் இறந்தார்கள். பரவலை முழுதாக அடைக்காவிட்டாலும் உயிரைக் காப்பது ஊசிதான்.

முதல் ஊசி ஆறாவது வாரத்தில். அதுவரை குழந்தைக்குச் சொந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த வயதில் கக்கிக் கக்கி இரும வேண்டும் என்றும் இல்லை. மூச்சு திடீரென்று நின்று முகம் நீலம் பாரிக்கும். இருமல் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் இங்கிலாந்தில் 2012 அக்டோபர் முதல் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடுகிறார்கள். தாயின் பாதுகாப்பு வயிற்றுக் குழந்தைக்கும் போகும். பிறந்த குழந்தைகளிடம் பத்தில் ஒன்பது பங்கு பலன் தெரிந்தது. இங்கே அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்குப் போடும் டிடி ஊசி ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும். கக்குவானுக்கு, அதையும் சேர்த்த டிடாப் ஊசி வேண்டும். 27 முதல் 36 வாரத்துக்குள் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

லேசான சளிக்காக 10, 14ஆவது வார ஊசிகளைத் தள்ளிப் போடாதீர்கள். தவறியிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து வேண்டியதில்லை. ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடும் பூஸ்டரைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், தெருவில் கூவி விற்கும் கழுதைப் பால். அது கக்குவானைத் தீர்க்காது, காய்ச்சாத பாலால் வேறு தொற்று வேண்டுமானால் வரும். பெரியவருக்கு இருமல் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் போகட்டும். கக்குவான்தான் என்றால், ஆன்டிபயாடிக் தொடங்கி ஐந்து நாள் முடியும்வரை பிள்ளையைத் தூக்க வேண்டாம்.